பழைய படகுக்குப் புது இறக்கை

கோட்டூர்புரம் பாலத்தில் விடிகாலையில் நடப்பவர்கள் கிழக்கே திரும்பினால், அடையாற்றில் துடுப்புப் படகுகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். வடகரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. நன்றாகத் துடுப்புப் போடுகிறவரின் படகு கடந்துபோன பிறகு, துடுப்பு தண்ணீரைக் கவ்விய இடத்தில் இறுக்கமான ஒரு சுழி மட்டும் சற்று நேரம் நிற்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவரின் துடுப்புக்குப் பின்னால் நுரைதான் தெரியும். கை பலம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். கவ்விய தண்ணீர் படகைத் தள்ளுகிறது, நழுவிய தண்ணீர் நுரையாகிறது.

மோட்டார் படகில் அந்தத் துடுப்பின் வேலையைச் செய்வது புரொப்பல்லர். படகின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால்தானோ என்னவோ, அதன்மேல் உரிமையாளரின் கவனம் கடைசியாகவே விழுகிறது. பழைய ஸ்கை படகு ஒன்றை வாங்கியவர் முதலில் பேசுவது இயந்திரத்தைப் பற்றி. கார்புரேட்டர் மாற்றலாமா, இன்னும் கொஞ்சம் குதிரைத்திறன் ஏற்றலாமா என்று பட்டியல் நீளும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை, 13 அங்குல விட்டமுள்ள ஒரு வெண்கலத் துண்டில் போட்டால் படகின் குணமே மாறிவிடும்.

ஸ்கை படகு என்பது தனி இனம். தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டு 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரால்ஃப் சாமுவெல்சன் என்ற 18 வயது இளைஞர் லேக் பெப்பின் ஏரியில் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் இழுபட்டதில் தொடங்கியது. அதற்கென்றே வடிவமைத்த படகுகளில் பேர்பெற்ற ‘ஸ்கை நாட்டிக்’ 1961-இல் வந்தது. ஃபுளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் அதையே திருத்தித் திருத்தி, 1982-இல் ‘ஸ்கை நாட்டிக் 2001’ என்ற மாடலை இறக்கியது. நடுவில் 5.8 லிட்டர் ஃபோர்டு வி8 பெட்ரோல் இயந்திரம், திறன் 240 குதிரைசக்தி. கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, அதாவது இயந்திரம் எத்தனை சுற்றோ புரொப்பல்லரும் அத்தனை சுற்று. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சாய்வாகப் படகின் அடியைத் துளைத்து இறங்குகிறது. புரொப்பல்லரும் சுக்கானும் பின்விளிம்புக்கு உள்ளே, படகின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. கனம் நடுவில் இருப்பதால் படகின் பின்னால் அலை தாழ்வாக எழும். பின்னால் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு அந்தத் தாழ்ந்த அலைதான் வேண்டும். அடிப்பலகையில் வரிசையாக நிற்கும் சிறு துடுப்புத் தகடுகள், சறுக்குபவர் பக்கவாட்டில் இழுக்கும்போதும் படகை நேர்கோட்டில் பிடித்து நிறுத்தும்.

இந்த மாதிரிப் படகை அடையாற்றில் ஓட்டும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். துடுப்புப் படகுகள் போகும் ஆற்றில் வி8 படகுக்கு இடமில்லை. தவிர, இதன் புரொப்பல்லர் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 அடி கீழே நிலையாகப் பொருத்தப்பட்டது, மேலே தூக்க முடியாது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரம் வீதிகளுக்குள் ஆறு புகுந்தபோது மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து ஆட்களை மீட்டார்கள். காரும் கம்பியும் மூழ்கிக்கிடக்கும் தண்ணீரில், தூக்க முடியாத புரொப்பல்லர் கொண்ட படகால் அந்த வேலையைத் தொட்டிருக்கவே முடியாது.

புரொப்பல்லரின் மேல் ‘13 x 13’ என்று பொறித்திருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச்: திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல, தண்ணீர் துளியும் நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. நிமிடத்துக்கு 4400 சுற்று என்றால் 13 அங்குல பிட்ச் மணிக்கு 87 கிலோமீட்டர் தர வேண்டும். ஜிபிஎஸ் 71 காட்டினால் மிச்சம் 16 கிலோமீட்டர் நழுவலில் போயிற்று, ஏறத்தாழ 18 சதவீதம். நழுவலே இல்லாத புரொப்பல்லர் கிடையாது. நழுவினால்தான் அது தண்ணீரைத் தள்ளவே முடியும். எவ்வளவு நழுவுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே ஒரு நல்ல விபத்து உண்டு. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1837-இல் லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஒரு சிறு படகை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வைத்திருந்தது இரண்டு முழுச்சுற்று கொண்ட நீண்ட மரத் திருகு. அது எதிலோ இடித்துப் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது. திருகு நீளமாக இருந்தால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. அடுத்த பாடம் 1890-களில் வந்தது. சார்லஸ் பார்சன்ஸ் தன் ‘டர்பைனியா’ கப்பலில் நீராவி டர்பைனைப் பொருத்தினார், ஆனால் எதிர்பார்த்த வேகம் கிடைக்கவில்லை. புரொப்பல்லர் மிக வேகமாகச் சுழன்றதில் இறக்கையின் முதுகில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் அங்கேயே ஆவிக்குமிழாகக் கொதித்தது. கேவிட்டேஷன் என்று இன்று சொல்வது அதைத்தான். ஒற்றை டர்பைனுக்குப் பதில் மூன்று டர்பைன்களை வைத்து, மூன்று ஷாஃப்டில் மொத்தம் ஒன்பது புரொப்பல்லர்களை மாட்டிய பிறகு, 1897-இல் அந்தக் கப்பல் 34 நாட் வேகத்தைத் தாண்டியது. பழைய ஸ்கை படகின் இறக்கையில் சொறி பிடித்ததுபோல் குழிகள் தெரிந்தால், அதே குமிழ்கள் வெடித்துத் தின்ற தடம்தான் அது.

மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். முதலில் படகையே அளக்கலாம். டிரெய்லரோடு லாரி எடைமேடையில் ஏற்றி, பிறகு வெறும் டிரெய்லரை ஏற்றிக் கழித்தால் உண்மை எடை கிடைத்துவிடும். 1980-களின் படகுகளில் ஃபைபருக்குள் மரச்சட்டங்களும் மிதப்புக்கான நுரையும் உண்டு. முப்பது நாற்பது வருஷத்தில் நுரை தண்ணீர் குடித்து, மரம் இற்றிருக்கலாம். கையேட்டில் சொன்னதைவிடப் படகு நூறு இருநூறு கிலோ கூடுதலாக நின்றால் அங்கேதான் முதல் வேலை. எந்தப் புரொப்பல்லரும் அதைத் தீர்க்காது.

அடுத்து முழு த்ராட்டில் சோதனை. வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேர், வழக்கமான பெட்ரோல், நேரான நீர்ப்பரப்பு. பழைய டாக்கோமீட்டரின் முள்ளை நம்பக் கூடாது. ஷாஃப்டில் ஒளிரும் நாடா ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டரால் சரிபார்ப்பது நல்லது. வேகத்துக்குக் கைப்பேசி ஜிபிஎஸ் போதும். கையேடு முழு வேகத்துக்கு 4200 முதல் 4600 சுற்று வரை சொல்கிறது என்று வைத்துக்கொண்டால், 3900-இல் திணறுகிற படகுக்கு பிட்ச் அதிகம். இயந்திரம் மேட்டில் நான்காம் கியரில் ஏறும் கார்போல வெந்து கரி பிடிக்கும். 4900 தொட்டால் பிட்ச் போதவில்லை. ஒரு அங்குல பிட்ச் ஏறத்தாழ 200 சுற்றை மாற்றும் என்பது அனுபவக் கணக்கு. ஆனால் ஒரு ஸ்பார்க் பிளக் செத்திருந்தாலும், த்ராட்டில் கம்பி முழுதாகத் திறக்காவிட்டாலும் இதே அறிகுறிதான். பிளக்கையும் கம்பியையும் பார்க்காமல் புரொப்பல்லருக்கு ஆர்டர் கொடுப்பவர் இரண்டு முறை செலவழிப்பார்.

விட்டத்தைக் கூட்டுவதற்கு ஆசை வரலாம். இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும். 13 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம். அதைவிட நெருங்கினால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது அடிப்பலகையில் குத்து விழும், படகு முழுக்க அதிரும். ஆகவே விட்டம் இருந்தபடியே இருக்க, விளையாடுவதற்குக் கிடைப்பவை பிட்ச், இறக்கைகளின் எண்ணிக்கை, விளிம்பின் மடிப்பு.

அந்த மடிப்பைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில், விரல் நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சிறு வளைவு. கப் என்பார்கள். அகப்பையின் ஓரம் குழம்பை நழுவவிடாமல் தாங்குகிறதே, அதே வேலை. கப் இருந்தால் பிட்ச் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ கூடியதுபோல இயந்திரத்துக்குத் தோன்றும், திருப்பத்திலும் புரொப்பல்லர் காற்றை இழுத்துப் பிடியை விடாது. பழைய புரொப்பல்லரை மணலிலும் கல்லிலும் தேய்த்துத் தேய்த்து ஓட்டியவர்கள் முதலில் இழப்பது இந்த மயிரிழை வளைவைத்தான். வெளிப்பார்வைக்குப் புரொப்பல்லர் முழுசாக இருக்கும், படகு மட்டும் சோர்ந்துபோயிருக்கும்.

இப்போது ஒப்பீடு. படகோடு வந்த பழைய மூன்று இறக்கை வார்ப்பு வெண்கலம் முதல் போட்டியாளர். வார்த்துக் கையால் தீட்டியது, ஆகவே மூன்று இறக்கைகளும் மூன்று அண்ணன் தம்பிகளைப்போல: சாயல் ஒன்று, அளவு சற்று வேறு. இதன் நல்ல குணம், வளைந்தால் பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம். இரண்டாவது, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்த மூன்று இறக்கை. ஆக்மி, ஓஜே போன்ற நிறுவனங்கள் செய்வது இவ்வகை. இறக்கைக்கு இறக்கை வித்தியாசமில்லாததால் அதிர்வு குறைகிறது, நழுவலும் குறைகிறது. மூன்றாவது, அதே முறையில் கடைந்த நான்கு இறக்கை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் இந்தக் கடைசல் வேலைக்குப் பணம் கொடுக்கலாம் என்பது தெரியும். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் போட்டியில் ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். பழைய 13 பிட்ச், 15 சதவீத நழுவல் என்றால் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 3440 சுற்று. வேகமாகத் தண்ணீரிலிருந்து எழுப்புவதற்காக, அதே தரத்தில் 12 பிட்சுக்கு இறங்கினால் 3730. முந்நூறு சுற்று கூடுதல், அதற்கேற்ற சத்தம், பெட்ரோல். ஆனால் நன்கு கடைந்த 12 பிட்ச் நழுவலை 10 சதவீதமாக இறக்கினால் 3520 போதும். இழுவை கிடைத்துவிட்டது, விலையாகக் கொடுத்தது எண்பது சுற்றுதான்.

நான்கு இறக்கையின் பலம் வேறு இடத்தில். இப்படி இயந்திரம் உள்ளே இருக்கும் இன்போர்டு படகில் ஷாஃப்ட் சாய்வாக இருப்பதால் இறக்கை கீழிறங்கும்போது ஒரு கோணத்திலும் மேலேறும்போது இன்னொரு கோணத்திலும் தண்ணீரைச் சந்திக்கிறது. இறக்கைகள் கூடக்கூட அந்த ஏற்றத்தாழ்வு பகிர்ந்துகொள்ளப்படும், கையில் உணரும் நடுக்கம் தணியும். குழந்தைகளையும் கனத்த ஆட்களையும் இழுப்பவருக்கு, நான்குபேர் எப்போதும் ஏறும் குடும்பப் படகுக்கு, நான்கு இறக்கையே சரி. உச்ச வேகத்தில் இரண்டொரு கிலோமீட்டர் குறையலாம். ஸ்லாலம் மட்டுமே ஓடும், இரண்டு பேருக்கு மேல் ஏறாத படகுக்கு மூன்று இறக்கை கடைசல். வார்ப்பு வெண்கலம் உபரியாக இருக்கட்டும். வாங்கும்போது சுழலும் திசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபோர்டு வி8-உம் ஒன்றுக்கு ஒன்று கியரும் பொருத்திய நாட்டிக்குகளில் புரொப்பல்லர் இடச்சுற்று, அதாவது பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ரிவர்சில் இவ்வகைப் படகின் பின்புறம் வலப்பக்கம் இழுக்கும். கரையணைக்கும்போது ஓட்டுநர்கள் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

சென்னைக்கென்று சில திருத்தங்கள் உண்டு. வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறும்போதெல்லாம் கார்புரேட்டர் இயந்திரம் ஏறத்தாழ ஒரு சதவீதத் திறனை இழக்கிறது. 25 டிகிரிக் காலையில் சரியாக ஓடிய புரொப்பல்லர், மே மாதத்து 40 டிகிரி மதியத்தில் சற்றுக் கனமாகத் தோன்றும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் தவிப்பவர் இந்த ஊரில் சிறிய பிட்சின் பக்கம் சாய்வதே நல்லது. அடுத்தது உப்பு. ஸ்கை படகுகள் நன்னீர் ஏரிக்குப் பிறந்தவை. முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில் இறக்கினால் மாங்கனீஸ் வெண்கலம் மெல்ல மெல்லச் செம்மை தட்டும். பெயரில் வெண்கலம் என்றாலும் அதில் துத்தநாகம் நிறைய, உப்புநீர் அதைத்தான் உறிஞ்சுகிறது. நிக்கல் அலுமினியம் வெண்கலத்தில் கடைந்த புரொப்பல்லர் அங்கே நெடுநாள் தாங்கும். ஷாஃப்டில் ஒரு துத்தநாகக் கட்டியையும் மாட்டிவிட்டால் அரிப்பு அதைத் தின்றுகொண்டு மற்றதை விட்டுவைக்கும். இயந்திரத்துக்குள் உப்புநீரை நேரே ஓடவிடாமல், வெப்பமாற்றி வைத்து நன்னீரை உள்ளுக்குள் சுற்றவிடும் ஏற்பாடு இந்த ஊருக்கு ஆடம்பரமல்ல.

புரொப்பல்லரை முற்றிலும் வேறு கண்ணால் பார்த்தவர்கள் கோட்டூர்புரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் எட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடா திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் வாரிசான அரசுகளுக்கிடையேயான அமைப்பு இன்றும் அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் இருக்கிறது. துறைமுகமில்லாத நம் கடற்கரையில் அலையைக் கடந்து மணலில் ஏறும் டீசல் படகை உருவாக்குவது அத்திட்டத்தின் வேலைகளில் ஒன்று. கப்பல் வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சனும் உடனிருந்தவர்களும் இயந்திரம், ஷாஃப்ட், புரொப்பல்லர் மூன்றையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, ரப்பர் உறை வழியாக மொத்தமாகச் சாய்த்துத் தூக்கும்படி செய்தார்கள். கரை நெருங்கும்போது புரொப்பல்லர் மேலே வந்துவிடும்.

குல்பிராண்ட்சன் 2012-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக எழுதிய எரிபொருள் சேமிப்புக் கையேடு, பெரிய விட்டம், மெதுவான சுழற்சி, அதற்கேற்ற கியர் குறைப்பு என்று அழுத்திச் சொல்கிறது. மீன்பிடிப் படகுக்கு அது பொருந்தும். ஒன்றுக்கு ஒன்று கியரும் 13 அங்குல இடமும் மட்டுமுள்ள ஸ்கை படகுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் அவர்களின் முறை இங்கேயும் செல்லும்: படகு நாள்தோறும் என்ன சுமையை, என்ன வேகத்தில் இழுக்கிறது என்று முதலில் கேட்டு, அதற்கேற்ற புரொப்பல்லரைத் தேடுவது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால், கரையேற்றிய விசைப்படகுகளின் அடிப்பகுதியை நின்று பார்க்கலாம். புரொப்பல்லரைக் கழற்றும்போதே ஷாஃப்டையும், அதைத் தாங்கும் பேரிங்கையும், அதன் வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். ஸ்கை படகுக்காரரும் அப்படியே செய்ய வேண்டும். புரொப்பல்லரைக் கையால் மேலும் கீழும் அசைக்கும்போது லொடலொடவென்று ஆடினால், தண்ணீரையே எண்ணெயாகக் கொண்டு ஓடும் அந்த ரப்பர் பேரிங் தேய்ந்துவிட்டது. இயந்திரத்தின் கப்ளிங்கும் ஷாஃப்டின் கப்ளிங்கும் முகத்தோடு முகம் பொருந்துகிற இடத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, சுற்றிலும் வித்தியாசம் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி இயந்திரத்தின் கால்களைத் திருக வேண்டும். இதைத் தண்ணீரில் மிதக்கும்போதுதான் செய்ய வேண்டும், டிரெய்லரில் படகின் உடல் சற்று வளைந்திருக்கும். கிளாண்டில் பழைய பேக்கிங் கயிறு ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். முழுக்க இறுக்கி நிறுத்தினால் ஷாஃப்ட் சூடேறிக் காயம் படும். கசியாத புதுவகை சீலுக்கு மாறுவது நல்ல முதலீடு, இயந்திர அறை உலர்ந்தே இருக்கும்.

பெட்ரோல் விஷயத்தில் அவசரம் அதிகம். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1980-களின் ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் பம்பின் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் படகின் டாங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து படிந்துவிடலாம். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டுவது, புரொப்பல்லருக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு. இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டும். கார் ஸ்டார்ட்டரும் கார் ஆல்டர்னேட்டரும் மலிவாகக் கிடைக்கின்றன, பொருந்தவும் செய்யும். ஆனால் படகின் இயந்திர அறை மூடிய தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே தேங்கி நிற்கும். பொறி வெளியே தெறிக்காத கடல்வகைப் பாகங்களையே போட வேண்டும். சாவி திருப்புமுன் நான்கு நிமிடம் ஆவியை வெளியேற்றும் புளோயரை ஓடவிடும் பழக்கத்தையும் விடக் கூடாது.

இவையெல்லாம் முடிந்தவருக்கு ஒரே ஒரு சொகுசைப் பரிந்துரைக்கலாம்: வேகக் கட்டுப்பாடு. ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர், 58 கிலோமீட்டர் வேகத்தில் 16.08 வினாடி. சறுக்குபவர் மிதவையைச் சுற்றி இழுக்கும்போதெல்லாம் படகு தளர்கிறது. காலத்தைக் காப்பாற்றக் கைத் த்ராட்டிலால் முடியாது. கனடாவின் பெர்ஃபெக்ட் பாஸ் என்ற கருவி, கார்புரேட்டர் படகிலும் த்ராட்டில் கம்பியில் மாட்டும் சிறு மோட்டார் மூலம் அந்த வேலையைச் செய்கிறது. ஜிபிஎஸ் பதிப்பு பழைய படகை நாற்பது வருஷம் இளையதாக்கிவிடுகிறது என்றால் மிகையில்லை.

புதுப் புரொப்பல்லர் வந்ததும், அதை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கட்டையைப் போடாமல் ஷாஃப்டின் கூம்பில் முதலில் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் ஏறி உட்காருகிறது என்று பென்சிலால் ஒரு கோடு. பிறகு வால்வு தேய்க்கும் பசை சிறிது தடவி, கையால் முன்னும் பின்னும் திருகித் தேய்த்தால் கூம்பு முழுக்க ஒரே மாதிரிச் சாம்பல் நிறம் வரும். பசையைத் துடைத்து, கட்டையைப் போட்டு, அதே கோடு வரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் கட்டை மேலே முட்டுகிறது, அதை அரத்தால் சற்றுக் குறைக்க வேண்டும். நட்டு, பூட்டு நட்டு, பிளவு ஊசி. முதல் ஓட்டம் பத்து நிமிடம், கரைக்கு வந்து மறுபடி நட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு முழு த்ராட்டில். கழற்றிய வார்ப்பு வெண்கலத்தைப் பட்டறையில் நிமிர்த்தி, கப் வைத்து, ஒரு நட்டு, ஒரு கட்டை, இரண்டு பிளவு ஊசிகள், புரொப்பல்லரைக் கழற்றும் புல்லர் ஆகியவற்றோடு ஒரு கோணிப்பையில் கட்டி, பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம்.